பள்ளத்தாக்கின் மேல் ஒரு கால்வாய்: பொன்ட்கசுல்டெ தொட்டிப்பாலம்

சாலைப் பாலத்தின் மேல் வண்டிகள் ஓடுகின்றன, ரயில் பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறது, தொட்டிப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது. ஒரு கால்வாய் தன் வழியில் ஓர் ஆற்றையோ ஆழமான பள்ளத்தையோ சந்திக்கும்போது, கீழே இறங்கி ஆற்றோடு கலந்துவிடாமல், தன் மட்டத்திலேயே மறுகரை சேர்வதற்காகத் தூண்களின் மேல் அமைக்கப்படும் நீளமான தொட்டியே தொட்டிப்பாலம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பறளியாற்றின் மேல் 1966இல் கட்டி முடிக்கப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மாத்தூரில் செல்வது பாசன நீர் மட்டுமே. ஆனால் வட கிழக்கு வேல்ஸில் டீ ஆற்றின் மேல் 1805இல் திறக்கப்பட்ட பொன்ட்கசுல்டெ தொட்டிப்பாலத்தில் நீரோடு படகுகளும் செல்கின்றன. இருநூறு ஆண்டுகளைக் கடந்த பின்னும், அன்று வார்த்த இரும்புத் தொட்டியிலேயே செல்கின்றன. தொட்டிப்பாலம் என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இதன் ஒவ்வோர் உறுப்பும், எடையைக் குறைப்பது எப்படி என்ற ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட பதிலாக இருப்பதே அதற்குக் காரணம்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடலாம். பாலத்தின் நீளம் 307 மீட்டர். ஆற்றிலிருந்து அதன் உயரம் 38 மீட்டர், அதாவது பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம். பதினெட்டுக் கல் தூண்கள், அவற்றுக்கிடையே பத்தொன்பது வளைவுகள், அவற்றின் மேல் ஏறத்தாழ 3.6 மீட்டர் அகலமும் 1.6 மீட்டர் ஆழமும் கொண்ட வார்ப்பிரும்புத் தொட்டி. அந்தத் தொட்டியில் நிற்கும் நீர் சுமார் 15 லட்சம் லிட்டர். வடகரையில் ட்ரெவர் என்ற ஊரும் தென்கரையில் ஃப்ரொன்கசுல்டெ என்ற ஊரும் இருக்கின்றன. நடுவில் காடு அடர்ந்த சரிவுகளுக்கு இடையே பாறைகளில் மோதிக்கொண்டு டீ ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் லாங்கொத்லன் நகரம் இருப்பதால், அந்தப் பள்ளத்தாக்குக்கே அந்நகரின் பெயர்தான்.

கால்வாய்க்கு ஏன் மட்டம் வேண்டும்

சாலை மேட்டில் ஏறலாம், பள்ளத்தில் இறங்கலாம். குதிரைக்குக் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கால்வாய்க்கு அந்தச் சலுகை இல்லை. நீர் நின்றால்தான் படகு மிதக்கும்; நீர் நிற்க வேண்டுமென்றால் கால்வாயின் படுகை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனில் கால்வாய் வெட்டியவர்கள் இரண்டு வழிகளை மாற்றி மாற்றிக் கையாண்டார்கள். முதலாவது, குன்றின் ஓரமாகவே வளைந்து வளைந்து ஒரே உயரத்தைப் பின்பற்றுவது. இதில் செலவு குறைவு, தூரம் அதிகம். இரண்டாவது, உயரம் மாறும் இடத்தில் லாக் எனப்படும் நீர்ப்பூட்டு அமைப்பது. இரு முனையிலும் கதவுள்ள ஒரு சிறு அறைக்குள் படகை விட்டு, அறையில் நீரை நிரப்பினால் படகு மேலேறும், வடித்தால் கீழிறங்கும்.

நீர்ப்பூட்டு நல்ல கண்டுபிடிப்புதான், ஆனால் அது நீரைக் குடிக்கும். படகு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஓர் அறை அளவு நீர் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. பிரிட்டனின் குறுகிய கால்வாய்களில் உள்ள சிறிய அறைகளே ஒரு முறைக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கேட்கும். பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் வரிசையாக நீர்ப்பூட்டுகள் அமைத்து இறங்கி, தாழ்வான பாலத்தில் ஆற்றைக் கடந்து, மறு சரிவில் மீண்டும் வரிசையாக ஏறினால், ஒவ்வொரு படகும் இரு பக்கத்து மேல்மட்டங்களிலிருந்தும் நீரை இறக்கிவிட்டுத்தான் போகும். நேரமும் வீணாகும், ஒரு படகு ஏறி முடிக்கும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டும்.

டீ ஆற்றைக் கடப்பதற்கு முதலில் போடப்பட்ட திட்டம் ஏறத்தாழ இதுதான். மெர்சி, டீ, செவர்ன் ஆகிய மூன்று ஆறுகளையும் இணைக்கும் நோக்கத்தோடு 1793இல் நாடாளுமன்றச் சட்டம் பெற்ற எல்ஸ்மியர் கால்வாய் நிறுவனத்துக்கு வில்லியம் ஜெசப் தலைமைப் பொறியாளர். அவருக்குக் கீழே அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் தாமஸ் டெல்ஃபோர்டு. ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல் பகுதியில் ஓர் ஆட்டிடையரின் மகனாக 1757இல் பிறந்து, கல் தச்சராகத் தொழில் பழகி, பின்னர் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் சர்வேயராக உயர்ந்தவர் அவர். முழு உயரத்திலேயே பள்ளத்தாக்கைக் கடப்பது, அதற்கு இரும்புத் தொட்டியைப் பயன்படுத்துவது என்ற முடிவு 1795 ஜூலையில் ஜெசப்பின் பரிந்துரையாக நிறுவனத்தின் முன் வந்தது. அதே மாதம் 25ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. யோசனை யாருடையது என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. டெல்ஃபோர்டின் பெயரே மக்கள் நினைவில் நின்றுவிட்டது. ஆனால், தோல்வியடைந்தால் பழியை ஏற்க வேண்டிய இடத்தில் இருந்தவர் ஜெசப். இப்படி ஒரு திட்டத்துக்குக் கையெழுத்திட்ட துணிச்சலுக்காகவாவது அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்லும் களிமண்ணும் போதாமல் போன இடம்

தொட்டிப்பாலம் அப்போதே பிரிட்டனுக்குத் தெரிந்த பொருள்தான். மான்செஸ்டருக்கு அருகே பார்ட்டன் என்ற இடத்தில் இர்வெல் ஆற்றின் மேல் ஜேம்ஸ் பிரிண்ட்லி அமைத்த கல் பாலம் 1761இலேயே படகுகளைச் சுமக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்து முறை எளிமையானது: சாலைப் பாலம் போலவே கல் வளைவுகளைக் கட்டி, அதன் மேல் கால்வாயைச் சாதாரண நிலத்தில் வெட்டுவது போலவே அமைத்துவிடுவார்கள். கல் கட்டுமானத்தின் இடுக்குகளில் நீர் கசியும் என்பதால், நீரோடு சேர்த்து மிதித்துக் குழைத்த களிமண்ணைத் தடித்த படுக்கையாக உள்ளே பரப்புவார்கள். ஈரம் காயாதவரை அந்தக் களிமண் நீரை விடாது.

இந்த முறையின் குறை எடை. களிமண்ணும் அதைத் தாங்கும் கல்லும் சேர்ந்து, அவை சுமக்கும் நீரைவிடப் பல மடங்கு கனமாகிவிடுகின்றன. ஈரக் களிமண் கீழ்நோக்கி அழுத்துவதோடு நிற்பதில்லை. பக்கச் சுவர்களையும் வெளிப்புறமாகத் தள்ளுகிறது, குளிர்காலத்தில் உறைந்தால் இன்னும் பலமாகத் தள்ளுகிறது. அதைத் தாங்கச் சுவரைத் தடிமனாக்க வேண்டும். சுவர் தடித்தால் வளைவு தடிக்க வேண்டும். வளைவு தடித்தால் தூணும் அடித்தளமும் பெருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இந்தச் சங்கிலியைச் சமாளித்துவிடலாம். முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில், முந்நூறு மீட்டர் நீளத்துக்கு இப்படிக் கட்டியிருந்தால் பள்ளத்தாக்கையே கல்லால் அடைத்தது போலாகியிருக்கும். நிறுவனத்தின் பணப்பெட்டியும் தாங்கியிருக்காது.

விடை ஒரு வெள்ளத்திலிருந்து வந்தது. ஷ்ராப்ஷயரில் லாங்டன் என்ற சிற்றூரில் டெர்ன் ஆற்றின் மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கல் தொட்டிப்பாலத்தை 1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. அதை மீண்டும் கட்டும் பொறுப்பு டெல்ஃபோர்டிடம் வந்தபோது, கல்லுக்குப் பதிலாக வார்ப்பிரும்புத் தகடுகளைப் போல்ட்டால் இணைத்த தொட்டியை அவர் அமைத்தார். டெர்பி நகரில் பெஞ்சமின் உட்ரம் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு சிறிய இரும்புத் தொட்டியை அமைத்திருந்தார். ஆகவே யார் முதல்வர் என்று வாதிடுவோருக்கு அங்கேயும் தீனி உண்டு. லாங்டன் தொட்டி வெறும் 57 மீட்டர் நீளம்தான், உயரமும் அதிகமில்லை. கால்வாய் மறைந்துபோன பின்னும் அந்த இரும்புத் தொட்டி இன்று வயல் நடுவே வெறுமனே நிற்கிறது. இரும்புக்குக் களிமண் தேவையில்லை. ஓரங்குல அளவுத் தடிமனுள்ள தகடே நீரைப் பிடித்து நிறுத்திவிடும் என்பதை அது நிரூபித்தது. பொன்ட்கசுல்டெயின் தொட்டிக்கு அதுவே ஒத்திகை.

தூணும் வளைவும் தொட்டியும்

தூண்கள் அருகிலேயே வெட்டப்பட்ட மணற்கல்லால் ஆனவை. மேலே போகப்போக மெலிகின்றன. அடியிலிருந்து சுமார் 21 மீட்டர் வரை அவை முழுக் கல். அதற்கு மேலே உள்ளே வெற்றிடம் விட்டு, சுமார் 60 சென்டிமீட்டர் தடிமனுள்ள புறச்சுவர்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சுவர்களுமாகக் கட்டியிருக்கிறார்கள். இதனால் எடை குறைந்தது, தூணின் கனம் கீழேயே நின்றது. டெல்ஃபோர்டு இன்னொரு நன்மையையும் கண்டார். முழுக் கல்லாகக் கட்டும்போது உள்ளே உடைந்த கல்லையும் மண்ணையும் கொட்டி மூடிவிடும் வழக்கம் அக்காலத்து மேஸ்திரிகளிடம் இருந்தது. சுவரின் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்போது அந்தக் கைவரிசை செல்லாது. தானே கல் தச்சராக இருந்தவருக்குத்தான் இது உடனே உறைக்கும். சாந்தில் சுண்ணாம்போடு எருதின் இரத்தத்தைக் கலந்ததாகவும் சொல்லப்படுகிறது.

தூணுக்குத் தூண் நான்கு வார்ப்பிரும்பு வளைவுகள் அருகருகே செல்கின்றன. வளைவு ஏன் என்பதைக் கவனிக்க வேண்டும். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும்; இழுவையை அவ்வளவாகத் தாங்காது. நேரான உத்திரமாக வைத்துச் சுமை ஏற்றினால் அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடக்கூடும். வளைவாக வைத்தால் சுமை முழுவதும் வளைவின் வழியே அழுத்தமாகவே இறங்கித் தூணைச் சேரும். கல்லில் இருந்து கற்ற பாடத்தை இரும்புக்குப் பொருத்தினார்கள் என்று சொல்லலாம். தொட்டி இந்த வளைவுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர, அவற்றோடு இறுக்கிப் பிணைக்கப்படவில்லை. தகடுகளின் அடியில் வார்க்கப்பட்டுள்ள சிறு புடைப்புகள் வளைவைக் கவ்விக்கொண்டு அது நகராமல் பார்த்துக்கொள்கின்றன.

இரும்பு முழுவதும் வில்லியம் ஹேஸில்டைனின் வார்ப்படச் சாலையில் உருவானது. இந்த வேலைக்காகவே அவர் பாலத்துக்கு அருகே பிளாஸ் கினாஸ்டன் என்ற இடத்தில் ஒரு வார்ப்படச் சாலையைத் தொடங்கினார். தகடுகளின் விளிம்புகளைச் சேர்த்துப் போல்ட் முடுக்கினால் மட்டும் நீர் நிற்காது. இடுக்கு அடைபட வேண்டும். அதற்கு வேல்ஸ் நாட்டு ஃபிளானல் கம்பளித் துணியைச் சர்க்கரைப் பாகில் தோய்த்து, வெள்ளை ஈயப் பசையோடும் இரும்புத் துகளோடும் சேர்த்து இணைப்புகளில் அடைத்தார்கள். கேட்பதற்குச் சமையல் குறிப்பு போல இருந்தாலும் அது வேலை செய்தது. தொட்டியை முடித்ததும் நீர் நிரப்பி, ஆறு மாதம் அப்படியே விட்டுவைத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே படகுகளை அனுமதித்தார்கள்.

தென்கரையில் பாலம் நேரடியாகக் குன்றைத் தொடுவதில்லை. ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்திய ஒரு பெரிய கரை மேடு பள்ளத்தாக்குக்குள் நீண்டு வந்து பாலத்தைச் சந்திக்கிறது. பாலத்தைப் படம் எடுப்பவர்கள் யாரும் அதைப் படம் எடுப்பதில்லை. இன்று மரங்கள் மூடிவிட்டதால் அது இயற்கையான சரிவு போலவே தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் பிரிட்டனில் மனிதர் எழுப்பிய மிக உயரமான மண் வேலைகளில் அதுவும் ஒன்று. அது இல்லாதிருந்தால் பாலம் இன்னும் நீண்டிருக்கும், செலவும் கூடியிருக்கும். மொத்தச் செலவு சுமார் 47,000 பவுண்டு. பத்தாண்டு வேலையில் உயிரிழந்ததாகப் பதிவானவர் ஒரே ஒருவர். இவ்வளவு உயரத்தில், அந்தக் காலத்தில், அது மிகக் குறைவு.

படகு வந்தால் பாலத்தின் சுமை கூடுமா

தொட்டிப்பாலத்தைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுபவர்கள் அநேகமாகக் கேட்கும் கேள்வி இது. இருபது டன் எடையுள்ள படகு ஏறினால் பாலம் அதையும் சேர்த்துத்தானே தாங்க வேண்டும்?

விளிம்புவரை நீர் நிரம்பிய ஓர் அண்டாவை எடைபோடும் தராசின் மேல் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் ஒரு பித்தளைச் சொம்பை மெதுவாக மிதக்கவிட்டால், கொஞ்சம் நீர் வழிந்து தரையில் கொட்டும். கொட்டிய நீரின் எடையும் சொம்பின் எடையும் சரியாக ஒன்றே. ஆகவே தராசின் முள் அசையாது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்ற ஆர்க்கிமிடீஸ் விதி இதுதான். பாலத்தில் நீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டுவதில்லை. தொட்டியின் இரு முனைகளும் திறந்து கால்வாயோடு சேர்ந்திருப்பதால், படகு விலக்கிய இருபது டன் நீர் அந்த நீண்ட கால்வாய்க்குள் பரவிவிடுகிறது. கால்வாய் பல கிலோமீட்டர் நீளமாக இருப்பதால் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயர்வதில்லை. தொட்டியின் அடித்தகட்டைப் பொறுத்தவரை அது உணர்வது தன் மேலுள்ள நீரின் ஆழத்தை மட்டுமே. ஆழம் மாறாதபோது, மேலே படகு இருக்கிறதா இல்லையா என்பது தகட்டுக்குத் தெரியவே தெரியாது.

இதன் விளைவு வியப்பானது. சாலைப் பாலத்தையும் ரயில் பாலத்தையும் வடிவமைப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் சுமைக்காகக் கவலைப்பட வேண்டும்: வெறும் பாலம், பாதியில் நிற்கும் ரயில், விரைந்து வரும் லாரி, அதன் அதிர்வு. தொட்டிப்பாலத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. நீர் நிரப்பிய முதல் நாளில் எவ்வளவு சுமந்ததோ ஏறத்தாழ அவ்வளவையே அது என்றும் சுமக்கிறது. 15 லட்சம் லிட்டர் என்றால் 1,500 டன். பத்தொன்பது வளைவுகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் மேலும் ஏறத்தாழ 80 டன் நீர். இதைத் தாங்க முடிந்தால் எந்தப் படகையும் தாங்க முடியும். வார்ப்பிரும்பு போன்ற, திடீர் அதிர்ச்சியை விரும்பாத பொருள் இங்கே இருநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்த மாறாத சுமையும் ஒரு காரணம்.

ஆனால் படகு வேறொரு தொல்லையைத் தருகிறது. குறுகிய தொட்டிக்குள் ஏறத்தாழ அதே அகலமுள்ள படகு நுழைந்தால், அது குழாய்க்குள் செல்லும் அடைப்பான் போல நீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். தள்ளப்பட்ட நீர் பின்பக்கம் திரும்பி வர வழியில்லையென்றால், படகை இழுக்கும் குதிரை நொந்துவிடும். இங்கேதான் டெல்ஃபோர்டின் வடிவமைப்பில் மிகவும் நுட்பமான பகுதி இருக்கிறது. படகு குதிரையால் இழுக்கப்பட்ட காலம் அது. ஆகவே பாலத்தின் மேல் குதிரை நடக்க இழுவைப் பாதை வேண்டும். அந்தப் பாதையைத் தொட்டிக்கு வெளியே அமைக்காமல், தொட்டிக்குள்ளேயே, நீருக்கு மேலே தாங்கி நிற்கும்படி அமைத்தார்கள். தொட்டியின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதைக்கு அடியில் மறைந்திருக்கிறது. படகு முன்னேறும்போது விலகும் நீர் அந்த மறைவான இடத்தின் வழியே பின்னோக்கி நழுவிவிடுகிறது. பாதையில் நடப்பவருக்குத் தன் காலடியில் நீர் ஓடிக்கொண்டிருப்பது தெரிவதில்லை.

பாதையின் ஓரத்தில் இரும்புக் கைப்பிடி வேலி உண்டு. எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. தொட்டியின் இரும்பு விளிம்பு நீருக்கு மேலே ஒரு சாண் அளவுகூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. படகில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தால் படகின் ஓரம், ஒரு கீற்று நீர், இரும்பு விளிம்பு, அதன் பிறகு நேராகக் கீழே மரங்களின் உச்சியும் ஆற்றுப் பாறைகளும் தெரியும். குதிரையும் மனிதரும் நடக்காத பக்கத்துக்கு வேலி எதற்கு என்று நினைத்த காலத்தின் சிக்கனம் அது.

எங்கும் போகாத பாலம்

1805 நவம்பர் 26ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. டிரஃபால்கர் கடற்போர் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பீரங்கி முழங்க, படகு வரிசை பாலத்தைக் கடக்க, பல்லாயிரம் பேர் கூடிப் பார்த்தார்கள். ஆனால் அந்த நாளிலேயே, எதற்காகப் பாலம் கட்டப்பட்டதோ அந்தத் திட்டம் செத்துப்போயிருந்தது. பாலத்தைத் தாண்டி வடக்கே ரெக்ஸம் பகுதி வழியாக செஸ்டர் நகரம் வரை செல்ல வேண்டிய முக்கியக் கால்வாய், செலவுக்கு வரவு கட்டாது என்று கைவிடப்பட்டுவிட்டது. பாலம் மறுகரையில் ட்ரெவரில் ஒரு படகுத் துறையோடு நின்றது. அங்கிருந்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இரும்பு ஆலைகளுக்கும் குதிரை இழுக்கும் தண்டவாளப் பாதை போடப்பட்டது. பிரிட்டனின் மிக உயரமான கால்வாய்ப் பாலம், முட்டுச் சந்தில் போய் முடிந்தது.

கைவிடப்பட்ட அந்த வடபகுதியில்தான் கால்வாய்க்கு நீர் தரும் நீர்த்தேக்கமும் அமைய இருந்தது. அது இல்லையென்றானதும் நீருக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. டெல்ஃபோர்டு டீ ஆற்றின் மேற்பகுதிக்குப் போனார். லாங்கொத்லனுக்கு அப்பால் லான்டிசிலியோ என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே லாட வடிவில் வளைந்த ஒரு தாழ்வான அணையைக் கட்டி, அங்கிருந்து குன்றின் ஓரமாகவே ஒரு குறுகிய ஊட்டுக் கால்வாயை ட்ரெவர் வரை கொண்டுவந்தார். 1808இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. கோடையிலும் ஆற்றில் நீர் குறையாமலிருக்க, மேலே இருந்த பாலா ஏரியின் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தவும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆக, கீழே ஓடும் அதே டீ ஆற்றின் நீர்தான் சில கிலோமீட்டருக்கு முன்பே பிரிந்து, மட்டம் இழக்காமல் குன்றோரமாக வந்து, ஆற்றின் தலைக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் அதைக் கடக்கிறது. தொட்டிப்பாலம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் தேவையில்லை.

பின்னாளில் பாலத்தைக் காப்பாற்றியதும் இந்த ஊட்டுக் கால்வாய்தான். ரயில்கள் வந்த பிறகு கால்வாய்ச் சரக்கு மெல்ல மெல்லக் குறைந்தது. கால்வாயை வைத்திருந்த நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்து, கடைசியில் ஒரு ரயில் நிறுவனத்தின் கைக்கே அது போய்ச் சேர்ந்தது. 1944இல் சட்டப்படி படகுப் போக்குவரத்து மூடப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் லாங்கொத்லனுக்குக் கிழக்கே கால்வாய்க் கரை இரவோடு இரவாக உடைந்து, பாய்ந்த நீர் கீழே இருந்த ரயில் பாதையின் அடிமண்ணை அரித்துவிட்டது. அது தெரியாமல் விடியற்காலையில் வந்த ரயில் பள்ளத்தில் பாய்ந்து, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். பயன்படாத கால்வாய், ஆபத்தும் தருகிறது என்றால் மூடி மண் நிரப்பிவிடுவதே அன்றைய வழக்கம். பிரிட்டனில் பல கால்வாய்கள் அப்படித்தான் மறைந்தன. இந்தக் கால்வாயை மட்டும் அப்படிச் செய்ய முடியவில்லை. ஏனெனில் டீ ஆற்றின் நீரை இழுத்துக்கொண்டுபோய், சுமார் 70 கிலோமீட்டர் அப்பால் செஷயரில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் சேர்க்கும் குழாயாக அது மாறியிருந்தது. 1950களில் அங்கிருந்த குடிநீர் வாரியத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டதும், கால்வாயைப் பராமரிக்கப் பணமும் கட்டாயமும் ஒருசேரக் கிடைத்தன. நீர் ஓடவேண்டும் என்பதற்காகப் பராமரித்தார்கள். பராமரித்ததால் உல்லாசப் படகுகள் வந்தன. பாலம் முட்டுச் சந்தில் முடிந்ததே அதன் நல்வினை என்று நான் சொல்வேன். திட்டமிட்டபடி செஸ்டர் வரை போய், வடக்கே நீர்த்தேக்கமும் கட்டப்பட்டிருந்தால், ஊட்டுக் கால்வாய்க்கே வேலை இருந்திருக்காது. 1944இன் ஆணை முழுமையாக நிறைவேறியிருக்கும்.

2009இல் யுனெஸ்கோ இந்தப் பாலத்தையும், இதற்கு இரு புறமும் உள்ள 18 கிலோமீட்டர் கால்வாயையும், லாட வடிவ அணையையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் சில கிலோமீட்டர் தெற்கே கைரியொக் ஆற்றின் மேலுள்ள சர்க் தொட்டிப்பாலமும் அடங்கும். 1801இல் முடிந்த அது வெளியிலிருந்து பார்த்தால் பழைய முறையில் கட்டிய கல் பாலம் போலவே இருக்கிறது. ஆனால் நீருக்கு அடியில் களிமண்ணுக்குப் பதில் இரும்புத் தகடு பதித்திருக்கிறார்கள். கல்லிலிருந்து இரும்புக்கு மாறிய கணத்தை நேரில் பார்க்க விரும்புவோர் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

பராமரிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொட்டியின் இரு முனைகளிலும் பலகைகளை இறக்கிக் கால்வாயிலிருந்து அதைத் தனியாக்குவார்கள். பிறகு அடித்தகட்டிலுள்ள அடைப்பை நீக்குவார்கள்; அவ்வளவு நீரும் ஒற்றை அருவியாக ஆற்றில் கொட்டும். பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இது நடக்கும். காலியான தொட்டிக்குள் ஆட்கள் இறங்கி நடந்தபடி இணைப்புகளையும் போல்ட்டுகளையும் சோதிப்பார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஓரிரு குறிப்புகள். பாலத்தின் மேல் நடப்பதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் பார்த்ததாகும். சற்று மேற்கே ஆற்றின் குறுக்கே பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய கல் சாலைப் பாலம் இருக்கிறது. தூண்களின் மெலிந்த வடிவத்தையும் இரும்பு வளைவுகளையும் அங்கே நின்று பார்த்தால்தான் உயரம் பிடிபடும். படகில் கடப்பவர்கள், தொட்டியில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் செல்ல முடியும் என்பதால், எதிர்முனையில் யாரும் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டு நுழைய வேண்டும். மற்ற கால்வாய்களைப் போலல்லாமல் இங்கே நீர் நிற்பதில்லை. நாளொன்றுக்கு ஐந்து கோடி லிட்டருக்கு மேல் செஷயரை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே லாங்கொத்லன் நோக்கிப் போகும்போது படகு ஓட்டத்தை எதிர்த்துத் தவழும், குறிப்பாகத் தொட்டிக்குள். திரும்பி வரும்போது அதே படகு அதே தூரத்தை விரைவாகக் கடந்துவிடும்.